பூட்டிய வீட்டுக்குள் பன்னிரண்டு பேர்: இங்கிலாந்தின் மாளிகைக் கொலைக்கதை, ஓர் அறிமுகம்

1860-ஆம் ஆண்டு ஜூன் 29, வெள்ளிக்கிழமை இரவு, இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் ரோடு என்னும் சிற்றூரில் இருந்த ஒரு பெரிய வீட்டில் பன்னிரண்டு பேர் உறங்கச் சென்றார்கள். வீட்டுத் தலைவரான சாமுவேல் கென்ட், அவருடைய இரண்டாம் மனைவி, மூத்த தாரத்துப் பிள்ளைகள் நால்வர், இளைய தாரத்துப் பிள்ளைகள் மூவர், சமையற்காரி, வேலைக்காரி, ஆயா ஆகியோரே அந்தப் பன்னிரண்டு பேர். வழக்கம்போலக் கதவுகள் தாழிடப்பட்டன, சன்னல்கள் அடைக்கப்பட்டன. விடிந்தபோது, நான்கு வயதுகூட நிறையாத சாவில் என்னும் ஆண் குழந்தை தன் படுக்கையில் இல்லை; கீழ்த்தளத்து வரவேற்பறையின் சன்னல் ஒன்று சற்றே திறந்திருந்தது. சில மணி நேரத் தேடலுக்குப் பிறகு, தோட்டத்தில் வேலையாட்களுக்கென இருந்த கழிப்பறையின் குழியில், கழுத்து அறுக்கப்பட்ட நிலையில் குழந்தையின் உடல் கிடைத்தது. வெளியாள் எவரும் பூட்டையோ சன்னலையோ உடைத்து நுழைந்ததற்கான அடையாளம் இல்லை.

உள்ளே உறங்கிய ஒருவரே இதைச் செய்திருக்க வேண்டும் என்ற முடிவை எவராலும் எளிதில் தவிர்க்க முடியவில்லை. பெரிய வீடு, வசதியான குடும்பம், உள்ளிருந்து தாழிட்ட கதவு, எண்ணிச் சொல்லிவிடக்கூடிய சிலர், அவர்களுள் ஒரு கொலையாளி என்ற இந்த அமைப்பைத்தான் பின்னாளில் ஆங்கிலத் துப்பறியும் இலக்கியம் தன் முக்கியமான வடிவங்களுள் ஒன்றாக ஆக்கிக்கொண்டது. கிராமப்புற மாளிகைக் கொலைக்கதை என்று அதைச் சொல்லலாம். இதைப் புதிதாகப் படிக்கத் தொடங்குபவர், கொலையாளி யார் என்று மனிதர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த வீட்டைப் பார்க்கத் தவறிவிடுகிறார். இவ்வகைக் கதையில் சாட்சி சொல்வது பெரும்பாலும் வீடுதான் என்பதே இக்கட்டுரையில் நான் விளக்க விரும்புவது.

முதலில் மாளிகை என்ற சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நகரத்துச் செல்வரின் பெரிய வீட்டை இது குறிப்பதில்லை. சுற்றிலும் குடும்பத்துக்குச் சொந்தமான நிலமும், அந்த நிலத்தைக் குத்தகைக்கு உழும் குடியானவர்களும், தனிச் சாலையும், குதிரை லாயமும், சில இடங்களில் தனித் தேவாலயமும் கொண்ட பண்ணையின் நடுவே நிற்கும் வீடு அது. நம் ஊர் ஜமீன் பங்களாவை நினைத்துக்கொண்டால் ஓரளவு பொருந்தும். அடுத்த வீடு ஒரு மைல் தொலைவில் இருக்கும். பனி விழுந்தால் சாலை அடைபடும். அதனால் அங்கே நடக்கும் குற்றத்துக்கு வெளியாளைக் காரணம் காட்டுவது கடினம். சந்தேகத்துக்குரியவர்கள் ஒரு வட்டத்துக்குள் அடைபட்டுவிடுவதால் வாசகரும் அவர்களை விரல்விட்டு எண்ண முடிகிறது. கப்பல், ரயில் பெட்டி, தீவு என்று வேறு களங்களிலும் இதே வட்டத்தைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் மாளிகைக்கு இருக்கும் ஒரு வசதி அவற்றுக்கு இல்லை. மாளிகையில் நெடுங்காலமாக ஊறிய ஒரு நாள் ஒழுங்கு இருக்கிறது.

அந்த ஒழுங்கை நடத்துபவர்கள் வேலையாட்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டு வேலையில் இருந்த பெண்கள் மட்டுமே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். பெரிய மாளிகையில் பட்லர், வீட்டு மேலாளரான பெண்மணி, சமையற்காரர், பணிப்பெண்கள், தோட்டக்காரர்கள் என ஒவ்வொருவருக்கும் தனி வேலையும் அதற்குரிய நேரமும் உண்டு. விடியற்காலையில் கணப்புச் சாம்பலை அள்ளிப் புதுத் தீ மூட்டுவதற்கு ஒருத்தி, அந்தி சாயும்போது திரைச்சீலைகளை இழுத்து மூடுவதற்கு ஒருத்தி, இரவில் கதவுகளைத் தாழிட்டு விளக்குகளை அணைப்பதற்கு ஒருவர் என்று அந்த வீடு கடிகாரத்தைப் போல ஓடும். வேலையாட்களுக்குத் தனிப் படிக்கட்டு உண்டு. அவர்களுடைய பகுதியையும் குடும்பத்தாரின் பகுதியையும் பிரிக்கும் கதவில் பச்சை நிறத் தடித்த கம்பளித் துணியை அறைந்திருப்பார்கள். சமையலறையின் ஓசையும் மணமும் எசமானர்களை எட்டாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. அதே கதவு அலறலையும் அடக்கிவிடும் என்பதைக் கதாசிரியர்கள் விரைவிலேயே கண்டுகொண்டார்கள்.

ஒழுங்கு இருந்தால்தான் பிறழ்ச்சி கண்ணுக்குத் தெரியும். ஒரு சிறிய எடுத்துக்காட்டை நானே அமைத்துக் காட்டுகிறேன். குழாயில் வெந்நீர் வராத பழைய மாளிகைகளில், இரவு உணவுக்கு முன் ஒவ்வோர் அறைக்கும் பணிப்பெண் பித்தளைக் குவளையில் வெந்நீர் கொண்டுபோய் வைத்து, சூடு ஆறாதபடி அதன்மேல் துண்டைப் போர்த்திவிட்டு வருவாள். உணவு எட்டு மணிக்கு, வெந்நீர் ஏழரைக்கு. வீட்டு முதியவர் ஏழே முக்கால் மணியளவில் நூலக அறையில் கொல்லப்படுகிறார். அந்த நேரத்தில் தன் அறையில் முகம் கழுவி உடை மாற்றிக்கொண்டிருந்ததாக அவருடைய மருமகன் சொல்கிறான். ஒன்பது மணிக்குப் படுக்கையைச் சீர்செய்யப் போன பணிப்பெண்ணோ, குவளையில் தண்ணீர் ததும்ப ஆறிக் கிடந்ததாகவும், துண்டு மடிப்புக் கலையாமல் இருந்ததாகவும், வேறு எதையோ பேசும்போது இடையில் சொல்லிவிட்டுப் போகிறாள். யாரையும் குற்றம் சாட்டும் எண்ணம் அவளுக்கு இல்லை. தான் சுமந்த தண்ணீர் வீணானதை மட்டுமே அவள் சொன்னாள். ஆனால் அந்த மருமகன் ஏழரைக்குப் பிறகு தன் அறைக்கு வரவில்லை என்பது அத்துடன் வெளிப்பட்டுவிடுகிறது. சம்பவ நேரத்தில் வேறிடத்தில் இருந்ததாகக் காட்டும் சான்றை, அதாவது அலிபியை, ஒரு குவளைத் தண்ணீர் உடைத்துவிட்டது. துப்பு என்பது இவ்வளவு எளியதாக இருக்கலாம். சொல்லப்போனால், எளியதாக இருக்கும்போதுதான் அது அழகாக இருக்கிறது.

உண்மையில் நடந்த ரோடு வழக்கிலும் இத்தகைய ஒரு துப்புதான் மையத்தில் நின்றது. லண்டன் காவல்துறையின் துப்பறியும் பிரிவு 1842-இல் எட்டே பேருடன் தொடங்கப்பட்டது. அதன் முதல் உறுப்பினர்களுள் ஒருவரான ஜோனதன் விச்சர் ஜூலை நடுவில் அந்த ஊருக்கு அனுப்பப்பட்டார். அவர் பார்த்தது சலவைக் கணக்கை. மூத்த தாரத்து மகளான பதினாறு வயது கான்ஸ்டன்ஸிடம் மூன்று இரவு உடைகள் இருந்திருக்க வேண்டும், ஒன்றைக் காணவில்லை. கொலை நடந்த இரண்டு நாளில் வேலைக்காரி அழுக்குத் துணிகளைக் கூடையில் எண்ணி வைத்துக்கொண்டிருந்தபோது கான்ஸ்டன்ஸ் அங்கே வந்து, தன் பணப்பை உள்ளே கிடக்கிறதா என்று பார்க்கச் சொன்னதும், பிறகு ஒரு குவளை தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அவளை அனுப்பியதும் விசாரணையில் தெரிந்தன. அந்தச் சிறு இடைவெளியில் கணக்கில் ஏறிவிட்ட ஒரு நல்ல உடையைக் கூடையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டு, குறைந்துபோன உடையைச் சலவைக்காரி தொலைத்ததுபோலத் தோன்றச் செய்தாள் என்றும், உண்மையில் இல்லாமற்போனது இரத்தக்கறை படிந்த வேறோர் உடை என்றும் விச்சர் முடிவு செய்தார். இன்னொன்றையும் அவர் கவனித்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் கான்ஸ்டன்ஸ் தம்பியுடன் வீட்டைவிட்டு ஓடியபோது, ஆண்பிள்ளை வேடத்துக்காக வெட்டிய தன் கூந்தலைப் போட்டது அதே கழிப்பறையில்தான்.

ஜூலை 20 அன்று விச்சர் அந்தப் பெண்ணைக் கைது செய்தார். ஒரு வாரத்தில் நடுவர்கள் அவளை விடுவித்தார்கள். உழைப்பாளிக் குடும்பத்தில் பிறந்த ஒரு காவலர் கண்ணியமான வீட்டுப் பெண்ணின் இரவு உடையைப் பற்றிக் கேள்வி கேட்பதே அந்நாளில் பலருக்குப் பொறுக்கவில்லை. செய்தித்தாள்கள் அவரைக் கடுமையாகத் தாக்கின. மாளிகைக்கும் காவலருக்கும் இடையில் இருந்த உறவை விளங்கிக்கொள்ள இன்னொரு நிகழ்ச்சியும் உதவும். உடல் கிடைத்த அன்றிரவு காவலுக்காக வீட்டுக்குள் இருந்த காவலர் இருவரைச் சாமுவேல் கென்ட் சமையலறையில் வைத்துத் தாழிட்டுவிட்டார். வீட்டின் பிற பகுதிகளில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வந்தவர்கள் இரவின் பெரும்பகுதியை அங்கே அடைபட்டே கழித்தார்கள். புனைகதைகளில் உள்ளூர்க் காவல் அதிகாரி முன்வாசலில் தயங்கி நிற்பதையும், குடும்பத்தாருக்கு இணையாக உட்கார்ந்து தேநீர் அருந்தக்கூடிய ஒரு தனியார் துப்பறிவாளர் உண்மையை எளிதில் கேட்டு வாங்குவதையும் படிக்கும்போது, அந்தச் சமையலறைத் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் வர்க்க வேற்றுமையிலிருந்தே அந்தத் தனியார் துப்பறிவாளர் பிறந்தார் என்று நான் கருதுகிறேன்.

காணாமற்போன இரவு உடை இலக்கியத்துக்குள் நுழைய எட்டு ஆண்டுகளே ஆயின. 1868-இல் வில்கி காலின்ஸ் எழுதிய 'தி மூன்ஸ்டோன்' நாவலில், யார்க்ஷயர் மாளிகை ஒன்றில் வைரம் திருடுபோகிறது. ஈர வண்ணப்பூச்சு ஒட்டிய ஓர் இரவு உடையைத் தேடி, லண்டனிலிருந்து வந்த துப்பறிவாளர் சலவைக் கணக்குப் புத்தகத்தைக் கேட்கிறார். கொலைக்குப் பதில் திருட்டு, இரத்தத்துக்குப் பதில் வண்ணம் என்ற மாற்றங்களைத் தவிர வேர் எங்கே இருக்கிறது என்பது தெளிவு.

இனிச் செல்வத்துக்கு வருவோம். இந்தக் கதைகளில் குடும்பம் ஏன் எப்போதும் பணக்காரக் குடும்பமாகவே இருக்கிறது? ஆடம்பரத்தைக் காட்டுவதற்காக என்று புதிய வாசகர் நினைக்கலாம். பெரும்பங்கு காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1938-இல் புதிய சட்டம் ஒன்று ஓரளவு கட்டுப்பாடு கொண்டுவரும்வரை, இங்கிலாந்தில் ஒருவர் தம் சொத்து முழுவதையும் மனைவி மக்களுக்குக் கொடுக்காமல் யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம். ஆகவே முதியவர் ஒருவர் உணவு மேசையில், நாளைக் காலை வழக்குரைஞரை வரச் சொல்லியிருக்கிறேன் என்று சொன்னால், அது மேசையைச் சுற்றி இருக்கும் அனைவரின் வாழ்வையும் புரட்டிப்போடும் அறிவிப்பு. புதிய உயிலில் கையெழுத்து இடப்படும்வரை பழைய உயிலே செல்லும் என்பதால், கொலைக்கான கால எல்லை அன்றைய இரவாகச் சுருங்கிவிடுகிறது.

1837-ஆம் ஆண்டின் உயில் சட்டத்தில் இன்னும் சில விதிகள் இருக்கின்றன; அவற்றை அறியாமல் இவ்வகை நூல் பலவற்றின் முடிச்சு விளங்காது. உயில் எழுதியவர் பிறகு திருமணம் செய்துகொண்டால் பழைய உயில் தானாகவே செல்லாததாகிவிடும். எழுபது வயதுச் சீமாட்டியின் திடீர் மறுமணம் வாரிசுகளைக் கலங்கடிப்பது இதனால்தான். உயிலில் இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். அப்படிச் சாட்சி போட்டவருக்கு அந்த உயில் வழியாக எதுவும் கிடைக்காது. எனவே முதியவர் திடீரென்று தோட்டக்காரரையும் அவருடைய உதவியாளரையும் மாடிக்கு அழைத்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார் என்றால், அவர் புதிய உயில் எழுதினார் என்பதோடு, அந்த இருவருக்கும் அதில் பங்கில்லை என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும். 1925-ஆம் ஆண்டின் சொத்துச் சட்டம் மற்றொரு விதியைச் சேர்த்தது. இருவர் இறந்து, யார் முதலில் இறந்தார் என்று உறுதியாகத் தெரியாதபோது, வயதில் மூத்தவரே முதலில் இறந்ததாகக் கொள்ள வேண்டும். ஒரே இரவில் இரண்டு மரணம் நிகழ்ந்தால், சில நிமிட வேறுபாடு ஒரு பண்ணையையே கை மாற்றிவிடும்.

கொன்றவர் கொலையால் பயன்பெற முடியாது என்ற நெறியும் இருக்கிறது. லிவர்பூல் பருத்தி வணிகர் ஜேம்ஸ் மேப்ரிக் 1889-இல் இறந்தபோது, ஆர்செனிக் என்னும் நஞ்சை வைத்துக் கொன்றதாக அவருடைய மனைவி ஃபுளோரன்ஸ் தண்டிக்கப்பட்டார். கணவரின் ஆயுள் காப்பீட்டுப் பணம் அவருக்குச் சேராது என்று 1892-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவில் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொல்வதும் ஏறத்தாழ இதையே. இந்த நெறியால்தான் மாளிகைக் கொலையாளி கொன்றுவிட்டு ஓட முடிவதில்லை. அவர் வீட்டிலேயே இருந்து, துக்கம் விசாரிக்க வருபவர்களை வரவேற்று, உயில் படிக்கப்படும் அறையில் மற்றவர்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொலை செய்ததே வீண். கதை முழுவதும் கொலையாளி நம் கண்முன்னே நடமாடுவதற்கு அடிப்படை இந்தச் சட்டமே.

நஞ்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1851-ஆம் ஆண்டின் ஆர்செனிக் சட்டப்படி, அதை விற்பவர் வாங்குபவரின் பெயரையும் நோக்கத்தையும் ஏட்டில் பதிந்து கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. சிறிய அளவில் விற்கும்போது கரித்தூளோ அவுரியோ கலந்து நிறமேற்றி விற்க வேண்டியிருந்தது. கதைகளில் மருந்துக்கடைப் பதிவேடு அடிக்கடி வருவது இதனால்தான். பதிவேட்டுக்கு அஞ்சும் கொலையாளி தோட்டக் கொட்டகையில் இருக்கும் களைக்கொல்லியை நாடுகிறார். துப்பறியும் நாவலாசிரியர் அகதா கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது டார்க்கி நகர மருத்துவமனையின் மருந்தகத்தில் பணியாற்றியவர். அவருடைய கதைகளில் வரும் நஞ்சுகள் நம்பத்தக்கவையாக இருப்பதற்கு அந்தப் பயிற்சி காரணம்.

இந்த வடிவம் உச்சத்தைத் தொட்டது இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட இருபது ஆண்டுகளில். அப்போதுதான் எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் இடையில் ஓர் ஒப்பந்தம் வெளிப்படையாக வகுக்கப்பட்டது. கத்தோலிக்கப் பாதிரியாரும் துப்பறியும் நாவலாசிரியருமான ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் பத்து விதிகளை வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே வந்துவிட வேண்டும். பேய், தெய்வச் செயல் ஆகியவற்றால் புதிரை அவிழ்க்கக் கூடாது. இரகசிய அறையோ வழியோ ஒன்றுக்கு மேல் கூடாது. இதுவரை அறியப்படாத நஞ்சைப் பயன்படுத்தக் கூடாது. துப்பறிவாளர் கண்ட துப்பு எதையும் வாசகரிடமிருந்து மறைக்கக் கூடாது என்பன அவற்றுள் சில. 1930-இல் லண்டனில் துப்பறியும் கதாசிரியர்கள் தங்களுக்கென ஒரு மன்றத்தை அமைத்து, ஜி. கே. செஸ்டர்டனை முதல் தலைவராக்கினார்கள். இத்தகைய நேர்மையைக் கடைப்பிடிப்பதாக அதன் உறுப்பினர்கள் உறுதிமொழி எடுத்தார்கள். துப்பறிவாளர் அறிந்த அனைத்தையும் வாசகரும் அறிந்திருக்க, இருவரில் யார் முதலில் விடையைக் காண்கிறார்கள் என்று பார்ப்பதே இந்த ஆட்டம். இதை அப்படியே பலகை விளையாட்டாக்கியவர் பர்மிங்காமைச் சேர்ந்த ஆன்டனி பிராட். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் உருவாக்கி 1949-இல் விற்பனைக்கு வந்த 'குளூடோ'வில் ஒரு மாளிகை, ஆறு சந்தேக நபர்கள், ஆறு ஆயுதங்கள், ஒன்பது அறைகள். ஆக 324 விடைகளில் ஒன்றே சரி.

வாசகரிடம் எதையும் மறைக்காமல் வைத்துவிட்டு, அப்போதும் அவரை வியக்கவைப்பது மிகக் கடினமான கலை. இந்த வடிவத்தில் நான் மதிப்பது இந்த நேர்மையைத்தான். முக்கியத் துப்பை ஒரு பட்டியலின் நடுவில் ஒளிப்பது, ஒரு சண்டைக்குச் சற்று முன்னால் சொல்லி மறக்கச் செய்வது, கண்டால் ஐயம் கொள்ளத் தூண்டும் வேறொரு பொய்த் துப்பை அதன் அருகில் நிறுத்துவது ஆகியவை அனுமதிக்கப்பட்ட உத்திகள். பொய்த் துப்புக்கும் நேர்மையான விளக்கம் ஒன்று இறுதியில் தரப்பட வேண்டும். நள்ளிரவில் தோட்டத்தில் நடமாடியவர் கொலையாளி இல்லையென்றால், எதற்காக அங்கே போனார் என்பதை ஆசிரியர் சொல்லியாக வேண்டும்.

இக்கதைகள் பெருகிய காலத்தில் அந்த மாளிகைகள் சரிந்துகொண்டிருந்தன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1894-இல் விதிக்கப்பட்ட இறப்புச் சொத்து வரி 1919-இல் மிகப் பெரிய சொத்துகளுக்கு 40 விழுக்காடாக உயர்ந்தது. தந்தை இறந்த சில ஆண்டுகளில் மகன் போரில் மாண்டால், ஒரே நிலத்துக்கு இரண்டு முறை வரி விழுந்தது. நிலங்கள் விற்கப்பட்டன; வீடுகள் பள்ளிகளாகவும் விடுதிகளாகவும் மாறின; பல இடிக்கப்பட்டன. கதைகளில் வரும் குடும்பங்கள் பெரிய வீட்டில் இருந்துகொண்டே பணத்துக்கு ஏங்குவது கற்பனையன்று. 1952 நவம்பரில் லண்டனில் அரங்கேறிய அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்ட்ராப்' நாடகத்தில் பனியால் துண்டிக்கப்படும் மாளிகை, இளந்தம்பதியர் நடத்தும் தங்கும் விடுதியாக மாறிவிட்டிருக்கிறது.

இவ்வகையில் ஒரு நூலை முதன்முதலாகக் கையில் எடுப்பவர், வீட்டின் வரைபடம் தரப்பட்டிருந்தால் அதில் படிக்கட்டுகள் எங்கே இருக்கின்றன என்று முதலில் பார்க்கட்டும். அந்த வீட்டின் ஒரு சாதாரண நாள் எப்படி நடக்கும் என்பதைத் தொடக்க அத்தியாயங்களிலிருந்து திரட்டிக்கொண்டு, கொலை நடந்த நாளில் எது மாறியது என்று கேட்கட்டும். பணம் யாருக்குச் சேரும் என்ற கேள்வியோடு, உயில் மாறியிருந்தால் யாருக்குச் சேராமல் போயிருக்கும் என்றும் கேட்கட்டும். எல்லாவற்றையும்விட, வேலையாட்கள் பேசும் பக்கங்களைத் தாண்டிப் போகாமல் இருக்கட்டும். குடும்பத்தார் தங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். வேலையாட்கள் வீட்டைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இங்கே எனக்குள்ள மனக்குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலையாட்களின் கண்ணாலும் காதாலும் புதிரை அவிழ்த்துக்கொள்ளும் இந்நூல்களில் பல, அவர்களை முழு மனிதர்களாகக் காட்டுவதில்லை. விசாரணை அறைக்குள் வந்து, நேரத்தைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதேபோல, கொல்லப்படுபவர் பெரும்பாலும் எவரும் விரும்பாத கொடிய முதியவராக இருப்பார். அவருக்காக வாசகர் வருந்த வேண்டியதில்லை என்பதால் புதிரில் முழுக் கவனமும் செலுத்த முடிகிறது. ரோடு வீட்டில் இறந்தது ஒரு குழந்தை. தன் தாயைப் பற்றி இழிவாகப் பேசிய மாற்றாந்தாயின் மீது கான்ஸ்டன்ஸ் கொண்ட வஞ்சமே காரணம் என்று பின்னர்ச் சொல்லப்பட்டது. அந்த மாற்றாந்தாய் ஒரு காலத்தில் அதே குடும்பத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்தவர். சொத்தைவிட ஆழமான இத்தகைய காயங்களைத் தொடும்போது மாளிகைக் கொலைக்கதை, விடை தெரிந்த பிறகும் திரும்பப் படிக்கத்தக்கதாகிறது.

விச்சர் உடல்நலம் குன்றி 1864-இல் பணியிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு கான்ஸ்டன்ஸ் கென்ட் லண்டனுக்கு வந்து, கொலையைத் தான் ஒருத்தியே செய்ததாக நடுவர் முன் ஒப்புக்கொண்டார். மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. இருபது ஆண்டு சிறைக்குப் பின் 1885-இல் விடுதலையாகி, ஆஸ்திரேலியாவுக்குச் சென்று, வேறு பெயரில் செவிலியராக வாழ்ந்து, 1944-இல் நூறு வயதில் இறந்தார். அவருடைய வாக்குமூலம் முழு உண்மைதானா, வேறொருவரும் உடனிருந்தாரா என்பது இன்றும் விவாதிக்கப்படுகிறது. ஆனால் அந்த வாக்குமூலத்தில் இரவு உடையும் இடம்பெற்றிருந்தது. கறை முழுமையாகப் போகாததால் அதைத் தானே எரித்துவிட்டதாக அவர் சொன்னார். ஐந்து ஆண்டுகளுக்கு முன், சலவைக் கூடையின் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு விச்சர் குறைகிறது என்று சொன்ன உடை அது.